சைட் கூகுளில் வரவில்லையா, வந்தும் விற்கவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

“சார், நம்ம சைட்டு கூகுள்ல வரவே மாட்டேங்குது.” சைட் வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன சொல்லை அடித்துத் தேடினீர்கள்? கடைப் பெயரை அடித்தும் வரவில்லை என்றால் அது ஒரு கோளாறு. கடைப் பெயருக்கு வருகிறது, பொருளின் பெயருக்கு வரவில்லை என்றால் அது வேறு. இரண்டுக்கும் வருகிறது, யாரும் கிளிக் செய்யவில்லை என்பது மூன்றாவது. கிளிக் செய்து உள்ளே வந்தும் வாங்காமல் போகிறார்கள் என்றால் அதற்கும் கூகுளுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. இந்த நான்குக்கும் ஒரே பேக்கேஜை விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு முன்னால் எங்கே அடைத்திருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம், காசு செலவில்லை.

உதாரணத்துக்கு மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சின்னக் கடை, வேர்ட்பிரஸ் என்ற சைட் கட்டும் மென்பொருளில் கட்டிய சைட் என்று வைத்துக்கொள்வோம்.

தொடங்குமுன் கூகுள் சர்ச் கன்சோலில் சைட்டைச் சேர்த்துவிடுங்கள். இலவசம்தான். எந்தத் தேடலுக்கு எத்தனை முறை காட்டப்பட்டீர்கள், எத்தனை கிளிக், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் அதில் 16 மாதம் வரை இருக்கும். இன்னொன்று, உங்கள் போனிலேயே தேடிப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரையும் முன்பு தேடியதையும் வைத்து முடிவுகள் மாறும். தன் கடையைத் தினமும் பத்து முறை திறந்து பார்க்கும் முதலாளியின் போனில் அது மேலே வருவதில் ஆச்சரியம் இல்லை.

கடைப் பெயரை அடித்தும் சைட் வரவில்லை

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை அடியுங்கள். கூகுள் சேமித்து வைத்திருக்கும் உங்கள் பக்கங்கள் மட்டும் வரும். கணக்கு துல்லியமாக இருக்காது, ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஒன்றுமே வரவில்லை, சைட்டுக்கு வயது இரண்டு வாரம்தான் என்றால் கொஞ்சம் பொறுங்கள். மூன்று மாதம் ஆகியும் இல்லை என்றால் நான் முதலில் பார்ப்பது வேர்ட்பிரஸ் செட்டிங்கில் ‘ரீடிங்’ என்ற பகுதியை. அங்கே தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் இருக்கும். சைட் கட்டும்போது அரைகுறைப் பக்கம் வெளியே தெரியாமல் இருக்க வடிவமைப்பாளர் அதைப் போட்டு வைப்பார், திறப்பு விழா அன்று எடுக்க மறந்துவிடுவார். ஒரே ஒரு டிக். அது எல்லாப் பக்கத்திலும் ‘நோஇண்டெக்ஸ்’ என்ற குறியைப் போட்டுவிடும்.

அங்கே சரியாக இருந்தால் அடுத்தது ரோபாட்ஸ் கோப்பு, அதாவது சைட்டைப் படிக்க வரும் தேடுபொறி ரோபாட்களுக்கான அறிவிப்புப் பலகை. உங்கள் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ‘ரோபாட்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது திறக்கும். ‘டிஸ்அலோ’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால், சைட் முழுவதற்கும் கதவு சாத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ரோபாட்ஸ் கோப்பு சொல்வது ‘உள்ளே வந்து படிக்காதே’. நோஇண்டெக்ஸ் சொல்வது ‘படித்துக்கொள், ஆனால் தேடலில் காட்டாதே’. ஒரு பக்கத்தைக் கூகுளிலிருந்து எடுக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் காரியம் கெடும். உள்ளே வரவே அனுமதி இல்லாதபோது நோஇண்டெக்ஸ் என்ற குறியைக் கூகுள் எங்கே பார்க்கும்? வேறு யாராவது அந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தால், விவரம் எதுவும் இல்லாமல் முகவரி மட்டும் தேடலில் நிற்கும். 1994-இல் வழக்கத்துக்கு வந்த ரோபாட்ஸ் முறை 2022-இல்தான் முறைப்படி இணையத் தரமாக எழுதப்பட்டது. இன்றைக்கும் அது ஒரு வேண்டுகோள் பலகைதான், பூட்டு அல்ல. ரகசியமான பக்கத்தை அதை நம்பி வைக்காதீர்கள்.

இரண்டும் சரி, இன்னும் வரவில்லை என்றால் சர்ச் கன்சோலில் முகவரிச் சோதனைப் பெட்டியில் முகப்புப் பக்க முகவரியைப் போட்டு ‘லைவ் டெஸ்ட்’ கொடுங்கள். உங்களுக்குத் திறக்கும் சைட் கூகுளுக்குத் திறக்காமல் இருப்பதுண்டு. கூகுளின் ரோபாட் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்து வரும். ஹேக்கர் தொல்லைக்குப் பயந்து ஹோஸ்டிங்கிலோ பாதுகாப்புப் பிளகினிலோ (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணைநிரல்) வெளிநாட்டு வருகையை மொத்தமாகத் தடுத்திருந்தால் திருடனோடு சேர்ந்து தபால்காரரும் வாசலில் நிற்பார்.

சில பக்கம் இருக்கிறது, பல பக்கம் இல்லை

இருநூறு சேலை போட்டிருக்கிறோம், நாற்பதுதான் கூகுளில் இருக்கிறது என்றால் சர்ச் கன்சோலில் ‘பேஜஸ்’ அறிக்கையைத் திறந்து காரணத்தைப் படியுங்கள். இரண்டு காரணங்கள் ஒரே மாதிரி ஒலிக்கும்.

‘கண்டுபிடித்தோம், இன்னும் சேர்க்கவில்லை’ என்றால் முகவரி தெரியும், ஆனால் கூகுள் இன்னும் வந்து படிக்கவில்லை. சர்வர் மெதுவாக இருக்கலாம், அல்லது அந்தப் பக்கத்துக்கு உங்கள் சைட்டுக்குள்ளிருந்தே லிங்க் இல்லாமல் இருக்கலாம். மெனுவிலிருந்து வகை, வகையிலிருந்து சேலை என்று வழி போட்டுக் கொடுங்கள்.

‘படித்தோம், இன்னும் சேர்க்கவில்லை’ என்பது வேறு. வந்தது, படித்தது, வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. இதற்கு ஒரு செட்டிங்கும் உதவாது. சிவப்புக்கு ஒரு பக்கம், பச்சைக்கு ஒரு பக்கம், நீலத்துக்கு ஒரு பக்கம், மூன்றிலும் ‘உயர்தரச் சுங்குடிச் சேலை, சிறந்த தரம்’ என்று ஒரே வரி இருந்தால் எதற்காகச் சேர்க்க வேண்டும்? நிறங்களை ஒரே பக்கத்தில் சேருங்கள். அப்புறம் கடையில் வாடிக்கையாளர் கேட்பதை அப்படியே எழுதுங்கள்: எத்தனை முழம், ரவிக்கைத் துணி உண்டா, முதல் சலவையில் சாயம் போகுமா, கஞ்சி போடலாமா, முடிச்சு கையால் போட்டதா அச்சா. நேரில் பேசத் தெரிந்த கடைக்காரர் சைட்டில் மட்டும் ‘சிறந்த தரம்’ என்று எழுதுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

‘இண்டெக்ஸ் செய்யக் கோருக’ பொத்தானைத் தினமும் அழுத்துவதால் எதுவும் வேகமாகாது. பக்கத்தைத் திருத்திய பிறகு ஒருமுறை போதும்.

கடைப் பெயருக்கு வருகிறது, சேலை என்று தேடினால் வரவில்லை

மக்கள் அடிக்கும் சொல் உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பில் ‘பாரம்பரியத்தின் வண்ணங்கள்’ என்று இருக்கும். தேடுபவர் அடிப்பது ‘சுங்குடி சேலை விலை’. நம் ஊரில் தேடல் மூன்று விதமாக வரும்: தமிழில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக. மூன்றையும் தலைப்பில் திணித்தால் படிக்கவே சகிக்காது. சர்ச் கன்சோலில் தேடல் சொற்களின் பட்டியலைப் பார்த்து, உங்கள் வாடிக்கையாளர் எதை அதிகம் அடிக்கிறாரோ அதைத் தலைப்பில் வையுங்கள். மற்றது உடலில் இயல்பாக வரும் இடத்தில் வந்தால் போதும்.

விவரம் முழுவதும் படத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியல் போஸ்டரை அப்படியே சைட்டில் ஏற்றியிருப்பார்கள். அதிலிருக்கும் எழுத்துகளை நம்பித் தேடலில் இடம் பிடிக்க முடியாது. பழைய சைட்டுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. பாமினி, டிஸ்கி காலத்து எழுத்துருவில் தட்டிய பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வேறு எழுத்துகளின் கூளம். ஒரு வரியைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். புரியாத குறிகள் வந்தால் கூகுளும் அதைத்தான் படிக்கிறது. யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

‘கீவேர்ட்ஸ்’ என்ற மெட்டா பெட்டியில் ஐம்பது சொல் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

‘பக்கத்தில் சேலைக் கடை’ போன்ற தேடல்களுக்குச் சைட்டைவிட மேப்பில் இருக்கும் கடைப் பதிவுதான் முக்கியம். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் வகை, முகவரி, நேரம், போன் எண், நீங்களே எடுத்த படங்கள் எல்லாம் சரியாக இருக்கட்டும்.

காட்டுகிறது, கிளிக் இல்லை

சராசரி இடத்தைப் பாருங்கள். முதல் பக்கத்தைத் தாண்டியிருந்தால் கிளிக் இல்லாதது இயல்பு, மேலே சொன்ன பகுதிக்கே திரும்புங்கள். மூன்றாவது, நான்காவது இடத்தில் இருந்தும் கிளிக் இல்லை என்றால் தலைப்பும் கீழே வரும் இரண்டு வரியும் சுவையில்லாமல் இருக்கின்றன. விலை, ஊர், அனுப்பும் நாள் போன்ற ஏதாவது ஒரு திடமான விவரத்தை முன்னால் கொண்டுவாருங்கள். இடமும் குறையவில்லை, காட்டப்படும் எண்ணிக்கையும் குறையவில்லை, கிளிக் மட்டும் இறங்குகிறது என்றால், அந்தத் தேடலை நீங்களே அடித்து மேலே ஏஐ சுருக்கம் வருகிறதா என்று பாருங்கள். ‘சுங்குடி என்றால் என்ன’ போன்ற கேள்விகளில் பதில் அங்கேயே முடிந்துவிடும். வாங்க வருபவர்களின் தேடலில் கவனம் வைப்பது நல்லது.

வருகை திடீரென்று விழுந்துவிட்டது

இங்கேதான் ஆட்கள் பதறிப்போய் நன்றாக இருப்பதையும் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் கேள்வி: விழுந்தது வருகையா, எண்ணும் கருவியா? வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸில் விழுந்திருக்கிறது, சர்ச் கன்சோலில் கிளிக் அப்படியே இருக்கிறது என்றால் கருவிதான். சைட்டின் தோற்றத்தைத் தரும் ‘தீம்’ மாறும்போது அனலிட்டிக்ஸ் குறியீடு காணாமல் போவது அடிக்கடி நடக்கும். 2023 ஜூலை 1-ஆம் தேதி பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் எண்ணுவதை நிறுத்தியபோது, புதியதற்கு மாறாதவர்கள் சைட் செத்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

இரண்டிலும் விழுந்திருந்தால் வரைகோட்டின் வடிவத்தைப் பாருங்கள். சுவர் மாதிரி ஒரே நாளில் இறங்கியிருக்கிறதா, சரிவு மாதிரி மெல்ல இறங்கியிருக்கிறதா?

சுவர் என்றால் அந்தத் தேதியில் சைட்டில் என்ன மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். புது வடிவம் வந்ததா, முகவரி மாறியதா, சோதனைச் சைட்டிலிருந்து நோஇண்டெக்ஸ் குறி கூடவே வந்துவிட்டதா? முகவரிகள் மாறியிருந்தால் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு ‘301’ என்ற நிரந்தர வழிமாற்றில் அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்புவது சோம்பேறித்தனம், கூகுள் அதைப் பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். வழிமாற்றைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருங்கள். பழைய டொமைனுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டால் வழிமாற்றும் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரிவு என்றால் போன வருடம் இதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் தீபாவளி முடிந்த நவம்பரில் எல்லாச் சேலைக் கடையும் கூகுளால் தண்டிக்கப்பட்டது போலத்தான் தெரியும். தீபாவளி அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே நகர்வதால் தேதிக்குத் தேதி வைக்காமல் பண்டிகைக்கு முந்தைய வாரங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகையும் இல்லை, நீங்கள் எதையும் தொடவும் இல்லை என்றால் கூகுளின் பெரிய அல்காரிதம் மாற்றம் நடந்ததா என்று அவர்களின் தேடல் நிலைப் பலகையில் தேதியைப் பாருங்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய மாற்றம் முழுதாகப் பரவ 45 நாள் பிடித்தது. பரவிக்கொண்டிருக்கும்போது தலைப்புகளை மாற்றி, பக்கங்களை அழித்து, லிங்க் வாங்கி என்று எல்லாவற்றையும் கலைத்தால் எது எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முடியும் வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள். பிறகு எந்தப் பக்கங்கள், எந்தத் தேடல்கள் விழுந்தன என்று பிரித்துப் பாருங்கள்.

சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதி காலியாக இருந்தால் கூகுள் ஊழியர் யாரும் உங்களுக்குத் தண்டனை போடவில்லை. அப்போது மறுபரிசீலனை மனு எழுத இடமே இல்லை. ‘உங்கள் டிஏ குறைவு, ஐம்பது லிங்க் போட்டால் ஏறும்’ என்று வரும் மெயிலை அழித்துவிடுங்கள். டிஏ (டொமைன் அத்தாரிட்டி) என்பது மாஸ் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண், கூகுளுடையது அல்ல. விலைக்கு வாங்கிய லிங்க்குகளைப் பிடிக்கவே 2012-இல் பெங்குவின் என்ற கூகுள் அல்காரிதம் மாற்றம் வந்தது.

தேடலில் நம் சைட்டுக்குக் கீழே ஜப்பானிய எழுத்து

சைட் ஹேக் ஆகியிருக்கிறது. நீங்கள் திறந்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், கூகுளுக்கு மட்டும் வேறு பக்கத்தைக் காட்டும் தந்திரம் அது. சர்ச் கன்சோலில் உரிமையாளர் பட்டியலைப் பார்த்து, தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். ஹேக்கர்கள் தங்களையே உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வதுண்டு. அப்புறம் எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி, ஹோஸ்டிங்கில் இருக்கும் சுத்தமான பழைய பேக்கப்பை ஏற்றி, வேர்ட்பிரஸ்ஸையும் பிளகின்களையும் புதுப்பியுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய ‘தீம்’ ஒன்றை எங்கேயோ இலவசமாக இறக்கிப் போட்டிருந்தால் சந்தேகம் முதலில் அதன் மேல்தான்.

வேக மதிப்பெண் சிவப்பில் இருக்கிறது

நூற்றுக்கு நூறு வாங்க வேண்டியதில்லை. பெரிய படம் அல்லது எழுத்து 2.5 நொடிக்குள் திரையில் வர வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது. கேமராவிலிருந்து எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டால் படம் வரவில்லை

சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நம் ஊரில் ஒரு லிங்க் பயணம் செய்வது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில்தான், அங்கே படம் இல்லாத நீல வரியை யார் தொடுவார்கள்?

அந்தப் படமும் தலைப்பும் ‘ஓபன் கிராஃப்’ என்ற குறிகளிலிருந்து வருகின்றன. 2010-இல் பேஸ்புக் கொண்டுவந்தது, இப்போது எல்லோரும் அதையே படிக்கிறார்கள். எஸ்இஓ (தேடலுக்குச் சைட்டைத் தயார் செய்யும்) பிளகினில் ‘சோஷியல்’ என்ற பகுதியில் படத்தை வைக்கலாம். அளவு 1200-க்கு 630 பிக்சல், எடை சில நூறு கேபிக்குள். படத்தின் முகவரி அரைகுறையாக இல்லாமல் முழுதாக இருக்க வேண்டும். பேஸ்புக்கில் பழைய படமே வந்தால் அவர்களின் ‘ஷேரிங் டீபக்கர்’ கருவியில் முகவரியைப் போட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புபவரின் போன்தான் அந்த முன்காட்சியைத் தயாரிக்கிறது, பழையதையே பிடித்து வைத்திருக்கலாம். முகவரிக் கடைசியில் கேள்விக்குறியும் ஓர் எண்ணும் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். புதுப் படம் வந்தால் சைட்டில் தவறில்லை.

லிங்க் அரைப் பக்கத்துக்கு விழுக்காட்டுக் குறிகளாக நீள்கிறதே என்பது தமிழ்ச் சைட்டுகளுக்கே உரிய தொல்லை. முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் காப்பி செய்யும்போது ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். ‘காஞ்சிபுரம்’ என்பதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து யூனிகோடில் 11 குறிகள், ஆக 99 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பதோ 200. அதனால்தான் நீளமான தமிழ்த் தலைப்பு முகவரியில் பாதியில் அறுந்து நிற்கிறது. தமிழ் முகவரியால் தேடலில் நஷ்டம் இல்லை. பகிர்வதற்குத்தான் கஷ்டம். இனிமேல் போடும் பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாக முகவரி வையுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய பக்கங்களின் முகவரியைத் தொடாதீர்கள்.

பேஸ்புக் பேஜில் ரீச் இல்லை

பத்தாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், பார்ப்பது இருநூறு பேர். இது உங்களுக்கு மட்டும் வந்த கோளாறு அல்ல. 2018 ஜனவரியில், பேஜ்களைவிட நண்பர்கள், குடும்பத்தினர் போடுவதற்கு முதலிடம் என்று பேஸ்புக்கே அறிவித்தது. வெறும் லிங்க் போஸ்ட்டை விட்டு, முடிச்சு அவிழ்க்கும் வீடியோ, சாயம் போடும் வீடியோ என்று அங்கேயே பார்த்து முடிக்கக்கூடியதைப் போடுங்கள். இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் லிங்க் வேலை செய்யாது என்பதை மறந்து பலர் வருடக்கணக்கில் அங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சுயவிவரத்தில் ஐந்து லிங்க் வரை வைக்கலாம்.

விளம்பரத்துக்குப் பணம் போகிறது, ஆர்டர் இல்லை

கூகுள் விளம்பரம் என்றால் நேராகத் ‘தேடல் சொற்கள்’ அறிக்கைக்குப் போங்கள். நீங்கள் வாங்கிய சொல் ‘சுங்குடி சேலை’. உண்மையில் கிளிக் ஆனது ‘சேலை கட்டுவது எப்படி’, ‘சேலைக் கடை வேலை’, ‘இலவச வேட்டி சேலை’ என்று இருக்கும். அவற்றை ‘நெகட்டிவ் கீவேர்ட்ஸ்’ என்ற, விளம்பரம் காட்ட வேண்டாத சொற்களின் பட்டியலில் போட்டு, பொருத்த வகையை ‘பிராட்’ என்பதிலிருந்து ‘ஃப்ரேஸ்’ அல்லது ‘எக்ஸாக்ட்’ என்று இறுக்குங்கள். இட அமைப்பில் ‘அங்கே இருப்பவர்கள், அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்’ என்பதுதான் முன்பே தேர்வாகி இருக்கும். மதுரைக்கு மட்டும் என்று நினைத்துப் போட்ட விளம்பரம், மீனாட்சியம்மன் கோயிலைத் தேடும் வெளியூர்க்காரர்களுக்கும் போகலாம். தேடல் விளம்பரத்தில், பிற சைட்டுகளிலும் காட்டச் சொல்லும் ‘டிஸ்ப்ளே’ டிக் போட்டிருந்தால் அதையும் எடுங்கள்.

மெட்டாவில் (பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில்) ‘பூஸ்ட்’ அழுத்தினால் பெரும்பாலும் கிடைப்பது லைக். விற்பனை வேண்டுமென்றால் விற்பனையை நோக்கமாக வைத்து ஆட்ஸ் மேனேஜரில் போட வேண்டும். ஒரு விளம்பரத் தொகுப்பு வாரத்துக்கு ஏறத்தாழ 50 விற்பனையைப் பார்த்தால்தான் யாருக்குக் காட்டுவது என்று கற்றுக்கொள்ளும். சிறிய பட்ஜெட்டில் ஐந்து தொகுப்பாகப் பிரித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தால் அது கற்று முடிக்கவே முடிக்காது.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் உங்கள் கடையில் நீங்களே ஒரு சேலை வாங்கிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் இல்லை, போனில். அதுவும் விளம்பரத்தைத் தொட்டு, இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பிரௌசரில். சில போன்களில் அங்கிருந்து யுபிஐ ஆப் திறக்காமல் நின்றுவிடும். நானே ஒருமுறை ஒரு கடைக்கு மூன்று வாரம் விளம்பரப் படம், வாசகம், வயது வரம்பு எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் போன் எண் பெட்டி பத்து இலக்கத்தை மட்டும்தான் ஏற்றுக்கொண்டது. போன் தானாக நிரப்பும் எண்ணில் முன்னால் +91 இருந்ததால் ‘தவறான எண்’ என்று சிவப்பில் காட்டி நின்றிருக்கிறது. மூன்று வாரக் காசு என் அலட்சியத்தால் போனது, கடைக்காரருக்கு என் கட்டணத்தைத் தள்ளிக் கொடுத்தேன்.

எல்லா வருகையும் ‘டைரக்ட்’ என்றே காட்டுகிறது

எல்லோரும் முகவரியை மனப்பாடமாக அடித்து வருகிறார்கள் என்று மகிழ வேண்டாம். வாட்ஸ்அப்பில் தொட்டு வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பல நேரம் கூட வராது, அது ‘டைரக்ட்’ கணக்கில் விழும். நீங்கள் பகிரும் லிங்க்கின் கடைசியில் யுடிஎம் என்ற, எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் குறிகளைச் சேர்த்தால் பிரிந்து தெரியும். மூலம், வகை, எந்தப் பிரசாரம் என்ற மூன்று போதும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் அனலிட்டிக்ஸ் அவற்றைத் தனித்தனியாக எண்ணும், அதனால் எப்போதும் சின்ன எழுத்திலேயே எழுதுங்கள். உங்கள் சைட்டுக்குள் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்கில் மட்டும் இதைப் போடாதீர்கள். கூகுளில் தேடி வந்தவர் முகப்புப் பேனரைத் தொட்டதும் அவருடைய விற்பனை பேனரின் கணக்கில் ஏறிவிடும், உண்மையில் சேலை விற்றது எது என்று அந்த மாத அறிக்கையில் தேடினாலும் கிடைக்காது.